ஸ்காட்லாந்தில் கூட்டுச்சதிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்வது எப்படி

ஸ்காட்லாந்தின் குற்றவியல் மேல்முறையீடு வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்தும் இடமல்ல. யார் சொன்னது உண்மை, எந்தச் சாட்சி நம்பத்தக்கவர் என்பதெல்லாம் 15 பேர் கொண்ட ஜூரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயம். மேல்முறையீட்டில் கேட்கப்படுவது ஒன்றுதான்: விசாரணையில் ஏதேனும் தவறு நடந்ததா, அதனால் நீதி பிறழ்ந்ததா? கூட்டுச்சதி வழக்குகளில் அந்தத் தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். 'உடன்பாடு' என்பதை நீதிபதி ஜூரிக்கு எப்படி விளக்கினார், அரசுத் தரப்பு அதை எதைக் கொண்டு நிரூபித்தது என்ற இடம் அது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

இங்கே சொல்லப்படுவது, குற்றப்பத்திரிகையின் பேரில் உயர் நீதிமன்றத்திலோ ஷெரிஃப் எனப்படும் நீதிபதி அமரும் ஷெரிஃப் நீதிமன்றத்திலோ ஜூரி முன் நடந்த வழக்குகளுக்கு. ஜூரி இல்லாமல் நடந்த சுருக்க விசாரணை என்றால் பாதையே வேறு: அது ஷெரிஃப் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும், வழக்கு விவரக் குறிப்பு (வழக்கின் உண்மைகளையும் சட்டக் கேள்விகளையும் நீதிபதி எழுதித் தருவது) கேட்டு விண்ணப்பிக்கக் கிடைப்பது ஒரு வாரம் மட்டுமே. உங்கள் வழக்கு எந்த வகை என்று தெரியாவிட்டால் இன்றே உங்கள் சொலிசிட்டரிடம், அதாவது வழக்கைக் கவனிக்கும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

நாட்கணக்கு

எல்லாவற்றுக்கும் ஆதாரம் 1995-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன் 106 முதல் 121 வரையிலான பிரிவுகளைச் சுற்றித்தான் உங்கள் அடுத்த சில மாதங்கள் ஓடும்.

முதல் காலக்கெடு இரண்டு வாரம். வழக்கு 'இறுதியாக முடிந்த' நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், மேல்முறையீடு செய்ய எண்ணியிருக்கிறோம் என்ற அறிவிப்பை எடின்பரோவில் லான்மார்க்கெட் தெருவில் உள்ள உயர் நீதிமன்றத்தின் ஜஸ்டிஷியரி எழுத்தரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பிரதி அரசு வழக்குத் தொடரும் துறையின் தலைமை அலுவலரான கிரவுன் ஏஜென்டுக்குப் போக வேண்டும். இந்த அறிவிப்பில் காரணங்களை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கப் படிவம்தான். சிறையில் இருப்பவர் அங்கிருந்தே அனுப்பலாம்.

வழக்கு இறுதியாக முடிந்த நாள் எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பொதுவாக அது திறந்த நீதிமன்றத்தில் தண்டனை அறிவிக்கப்பட்ட நாள். ஆனால் 202-ஆம் பிரிவின் கீழ் தண்டனை ஒத்திவைக்கப்பட்டிருந்தால், குற்றத்தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு முதன்முதலில் ஒத்திவைத்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சமூகப்பணி அறிக்கை பெறுவதற்காக 201-ஆம் பிரிவின் கீழ் வழக்கைத் தள்ளிவைப்பது வேறு. இரண்டையும் நீதிமன்றத்தில் கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, ஏனெனில் இரண்டிலும் நீதிபதி சொல்வது 'இன்ன தேதிக்கு வாருங்கள்' என்பதுதான். நீதிமன்றக் குறிப்பேட்டில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால் முந்தைய தேதியையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பைத் தாக்கல் செய்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் மேல்முறையீட்டு மனு போக வேண்டும். எல்லாக் காரணங்களும் முழுமையாக எழுதப்பட வேண்டிய ஆவணம் இதுதான். மனுவில் இல்லாத காரணத்தைப் பிறகு வாதிட முடியாது. தக்க காரணம் காட்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால் மட்டுமே முடியும். எட்டு வாரம் போதாது என்று தெரிந்தால், அது முடிவதற்கு முன்பே எழுத்தரிடம் நீட்டிப்புக் கேளுங்கள். தண்டனையின் அளவை மட்டும் எதிர்ப்பவருக்கு அறிவிப்பு என்ற கட்டமே கிடையாது: தண்டனை அறிவித்த நான்கு வாரத்துக்குள் நேரடியாக மனு.

கெடு தாண்டிவிட்டால் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை, ஆனால் மிகவும் ஒடுங்கிவிடும். விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்தான் நீதிமன்றம் காலத்தை நீட்டிக்கும். எவ்வளவு நாள் தாமதம், ஏன் தாமதம், வைக்கப்போகும் காரணங்களில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று மூன்றையும் பார்க்கும். 'வக்கீலை மாற்றிக்கொண்டிருந்தோம்' என்பதை மட்டும் நம்பி யாரும் இருக்க வேண்டாம். பழைய சொலிசிட்டர்மீது நம்பிக்கை போய்விட்டாலும் அந்த ஒரு பக்க அறிவிப்பை அவரைக் கொண்டே போடச் செய்துவிட்டு, பிறகு புதியவரைத் தேடுங்கள். புதியவர் வந்ததும் பழைய அலுவலகத்திலிருந்து முழுக் கோப்பையும் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். இதிலேயே சில வாரங்கள் கரைந்துவிடும்.

ஆங்கிலேயச் சட்டத்தைக் கொண்டுவராதீர்கள்

இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி இங்கிலாந்து, வேல்ஸ் பற்றியது. அங்கே சதி என்பது பெரும்பாலும் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட குற்றம்; மேல்முறையீட்டு அளவுகோல் 'தீர்ப்பு பாதுகாப்பானதா' என்பது. ஸ்காட்லாந்தில் கூட்டுச்சதி பொதுச்சட்டக் குற்றம். நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்தது. அளவுகோல் நீதிப்பிறழ்வு. லண்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. சிறையில் பக்கத்து அறைக்காரர் கொடுத்த ஆங்கிலேயத் தீர்ப்பு நகலை வைத்து எழுதிய மனு, முதல் கட்டத்தையே தாண்டாது.

இன்னொரு சரிபார்ப்பும் தேவை. குற்றப்பத்திரிகையில் இருப்பது உண்மையிலேயே பொதுச்சட்டக் கூட்டுச்சதிதானா? 2010-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் உரிமம் வழங்கல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒருங்கமைந்த பெருங்குற்றத்தில் ஈடுபட இன்னொருவருடன் உடன்படுவதைத் தனிக் குற்றமாக்குகிறது. குற்றப்பத்திரிகை வழக்கில் அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. இரண்டுக்கும் நிரூபிக்க வேண்டிய கூறுகள் ஒன்றல்ல. ஒன்றுக்கான வாதத்தை இன்னொன்றில் ஒட்ட முடியாது.

குற்றத்தின் உள்ளடக்கம்

1980-இல் வந்த மேக்ஸ்வெல் தீர்ப்பு இன்றும் அடித்தளம். தனி ஒருவர் செய்தால் குற்றமாகும் ஒரு செயலை, முடிவாகவோ ஒரு முடிவுக்கான வழியாகவோ, சேர்ந்து செய்ய இருவரோ அதற்கு மேற்பட்டவரோ உடன்படுவதே கூட்டுச்சதி. உரிம வாரியத்தினருக்கு லஞ்சம் கொடுக்கச் சதி செய்ததாக எழுந்த அந்த வழக்கில், திட்டமிட்டது நடக்கவே முடியாத காரியம் என்ற வாதம் எடுபடவில்லை. குற்றம் உடன்பாட்டிலேயே முழுமையாகிவிடுகிறது என்பதுதான் காரணம்.

இதிலிருந்து மேல்முறையீட்டில் எடுபடாத சில வாதங்கள் தாமாகவே கழிந்துபோகும். 'எதுவுமே நடக்கவில்லையே' என்பது பயன்படாது. 'பிறகு நான் விலகிவிட்டேன்' என்பது தண்டனைக் குறைப்புக்கு உதவலாம். உடன்பாடு ஏற்கெனவே முடிந்திருந்தால் குற்றத்தீர்ப்பை அசைக்காது. 'உடன்பாட்டுக்கு எழுத்தோ பேச்சோ ஆதாரமில்லை' என்பதும் தனியாக நிற்காது. நடத்தையிலிருந்து உடன்பாட்டை ஊகித்துக்கொள்ள ஜூரிக்கு உரிமை உண்டு.

எடுபடக்கூடியவை வேறு. அவற்றுக்காக ஜூரிக்கு நீதிபதி ஆற்றிய அறிவுரையின் எழுத்துப்படியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்க வேண்டும். இந்த எழுத்துப்படி இல்லாமல் காரணம் எழுதுவது வீண்வேலை. விசாரணையின் ஒலிப்பதிவு இருக்கிறது. அறிவுரைப் பகுதியைக் கேட்டுப் பெறுங்கள். சாட்சியத்தின் எழுத்துப்படியும் வேண்டுமென்றால் எந்தச் சாட்சி, எந்த நாள், எதற்காக என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். மொத்த விசாரணையையும் கேட்டால் கிடைக்காது.

அறிவுரையைப் படிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒரு திட்டம் இருப்பதை அறிந்திருப்பதும், அதில் உடன்படுவதும் வேறுவேறு என்று ஜூரிக்குச் சொல்லப்பட்டதா? இடத்தில் இருந்தது, ஆட்களைத் தெரிந்திருந்தது, பேரம் பேசிப் பார்த்தது ஆகியவை உடன்பாடு ஆகா என்பது விளக்கப்பட்டதா?

அடுத்து, எதற்கான சதி என்பது. குற்றப்பத்திரிகையில் சதி ஒரு நீண்ட வாக்கியமாக எழுதப்பட்டு, அதன் கீழ் (அ), (ஆ), (இ) என்று செய்கைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஜூரி சிலவற்றை நீக்கிவிட்டுக் குற்றவாளி எனச் சொல்லலாம். நீக்கிய பிறகு மிஞ்சும் வாக்கியத்தை ஒரு தாளில் முழுமையாக எழுதிப் பாருங்கள். அதில் இன்னும் ஒரு குற்றச்சதி இருக்கிறதா? இலக்கு சட்டப்படியானது, வழிமுறைதான் குற்றம் என்று அமைந்த வழக்கில், வழிமுறைகளை ஜூரி நீக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஓடு. இந்த எளிய பயிற்சியைச் செய்யாமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

மூன்றாவது, ஒத்துறுதிச் சான்று. ஸ்காட்லாந்தில் குற்றத்தின் இன்றியமையாத உண்மைகளுக்கு ஒரே ஒரு மூலத்திலிருந்து வரும் சாட்சியம் போதாது. சதி நடந்தது என்பதற்கும், குற்றம் சாட்டப்பட்ட இவர் அதில் பங்காளி என்பதற்கும் ஒன்றுக்கொன்று சாராத ஆதாரம் தேவை. ஒரே ஆள் சொன்னது மூன்று வடிவங்களில் வந்தாலும் மூலம் ஒன்றுதான். ஆனால் கவனம்: ஒத்துறுதி பற்றிய சட்டத்தை 2023-இலும் 2024-இலும் ஸ்காட்லாந்தின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்டு அட்வகேட் அனுப்பிய சட்டக் கேள்விகள் மேல் வந்த தீர்ப்புகளில் உயர் நீதிமன்றம் விரிந்த அமர்வில் அமர்ந்து மாற்றி எழுதியிருக்கிறது. பழைய பாடநூலில் உள்ள வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான்காவது, கூட்டாளிகளின் வார்த்தைகள். சதி நடந்துகொண்டிருக்கும்போது அதை முன்னெடுப்பதற்காக ஒருவர் சொன்னதும் செய்ததும் மற்றவர்களுக்கு எதிராகவும் சாட்சியமாகலாம். கைதான பிறகு ஒருவர் போலீஸிடம் சொன்னது அப்படியல்ல. அது அவருக்கு எதிராக மட்டுமே நிற்கும். பலர் சேர்ந்து நிற்கும் வழக்கில் இந்தக் கோட்டை நீதிபதி தெளிவாகப் போட்டாரா, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னாரா என்று பாருங்கள். போடவில்லை என்றால் அது வலுவான காரணம்.

கூடவே நின்றவர் விடுதலையானதை வைத்துக் குடும்பங்கள் பெரிதாக நம்பிக்கை கொள்வதுண்டு. 'இருவர்தான் சதி செய்ததாகச் சொன்னார்கள், ஒருவரை விட்டுவிட்டார்கள், பிறகு யாருடன் சதி?' கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு எதிரான சாட்சியம் இன்னொருவருக்கு எதிராக இல்லாமல் இருக்கலாம். குற்றப்பத்திரிகையிலும் 'அடையாளம் தெரியாத பிறருடன்' என்ற சொற்கள் வழக்கமாக இருக்கும். அந்தச் சொற்கள் இல்லாமல், இருவருக்கும் எதிரான சாட்சியம் ஒன்றாகவே இருந்தால் மட்டும் இந்த வாதத்தில் கூர்மை வரும்.

ஒரு காரணத்தை எழுதும் விதம்

கற்பனையான ஒரு வழக்கு. கிளாஸ்கோவில் ஒரு கிடங்கைக் கொள்ளையிடச் சதி செய்ததாக மூவர்மீது குற்றச்சாட்டு. மூன்றாமவர் கார் ஓட்டியவர். மற்ற இருவரையும் இரண்டு முறை கிடங்குக்கு அருகே இறக்கிவிட்டார். அவருடைய போனில் 'நாளைக்கும் வண்டி வேணும்' என்ற செய்தி இருந்தது. ஜூரி மூவரையும் குற்றவாளி என்றது.

அவருக்காக இப்படி ஒரு மனு போவதாக வைத்துக்கொள்வோம்: 'மனுதாரர் நிரபராதி. அவருக்கு எதுவும் தெரியாது. ஜூரி சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார்.' நான்கு வாக்கியத்திலும் நீதிமன்றம் கைவைக்க ஓர் இடம்கூட இல்லை. அடுத்த கட்டத்துக்குப் போகாது.

அதே மனிதருக்காக வேறு மாதிரி: 'மனுதாரருக்கு எதிரான சாட்சியம், இரண்டு பயணங்களும் ஒரு செய்தியும். இவை, மற்றவர்களின் நோக்கத்தை அவர் அறிந்திருந்தார் என்ற முடிவுக்கு இடம் தரலாம். அறிந்திருப்பது மட்டும் உடன்பாடு ஆகாது என்ற அறிவுரை இந்தச் சாட்சிய நிலையில் இன்றியமையாதது. அறிவுரை எழுத்துப்படி பக்கம் இன்னது, வரி இன்னது முதல் இன்னது வரை, திட்டத்தை அறிந்து உதவியவர் எவரும் சதியில் பங்காளி என்று நீதிபதி கூறினார். அது தவறான அறிவுரை. மனுதாரரின் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இருந்ததால், தவறு தீர்ப்பைப் பாதித்திருக்கும் உண்மையான சாத்தியம் உண்டு. எனவே நீதி பிறழ்ந்தது.'

இதில் நான்கு பாகம் இருக்கிறது: சாட்சியத்தின் நேர்மையான சுருக்கம், சட்டம் என்ன கேட்கிறது, தவறு நடந்த இடம் எது, அந்தத் தவறு ஏன் முக்கியம். கடைசிப் பாகத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தவறு நடந்தது என்று காட்டுவது பாதி வேலை. அது ஒரு பொருட்டாக இருந்தது என்று காட்டுவதுதான் மீதி.

காரணங்களின் எண்ணிக்கையில் ஆசை வேண்டாம். இரண்டு நல்ல காரணங்களோடு ஒன்பது சொத்தைக் காரணங்களைச் சேர்த்தால், படிக்கிற நீதிபதியின் பார்வையில் நல்லவையும் சொத்தையாகிவிடும்.

மற்ற வகைக் காரணங்கள்

புதிய சாட்சியம். சட்டத்தின் 106-ஆம் பிரிவு இதைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது, ஆனால் விசாரணையில் அது ஏன் வரவில்லை என்பதற்கு நியாயமான விளக்கம் வேண்டும். 'முக்கியம் என்று அப்போது தோன்றவில்லை' என்பது விளக்கமாகாது. ஏற்கெனவே சாட்சி சொன்னவர் இப்போது மாற்றிச் சொல்கிறார் என்றால் நிபந்தனை இன்னும் கடுமை: ஏன் மாற்றினார் என்பதற்கு நியாயமான விளக்கம் மட்டும் போதாது, அந்த விளக்கத்தைத் தாங்க, அவரைச் சாராத வேறோர் ஆதாரமும் வேண்டும். இவற்றைத் தாண்டினாலும், அந்தச் சாட்சியம் நம்பத்தக்கதாகவும், ஜூரியின் முடிவில் கணிசமாக எடைபோடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கிளாஸ்கோவில் ஐஸ்கிரீம் வேன் வியாபாரத்தில் நடந்த மோதல்களை ஒட்டி 1984-இல் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட கேம்பெல், ஸ்டீல் இருவரின் தீர்ப்பும் 2004-இல்தான் ரத்தானது. வாக்குமூலம் என்று சொல்லப்பட்டதைப் பல போலீஸ்காரர்கள் ஏறக்குறைய ஒரே சொற்களில் தனித்தனியே நினைவில் வைத்து எழுதியிருக்க முடியுமா என்பது பற்றிய நிபுணர் ஆய்வு அங்கே திருப்பத்தைக் கொண்டுவந்தது. இந்த வகைச் சாட்சியத்துக்குச் சாட்சியின் கையொப்பமிட்ட வாக்குமூலமோ நிபுணர் அறிக்கையோ மனுவோடு போக வேண்டும்.

குறைபட்ட வழக்கறிஞர் பணி. 1996-இல் வெளியான ஆண்டர்சன் தீர்ப்பிலிருந்து வரும் காரணம் இது. வழக்கறிஞர் எடுத்த உத்தி தவறாகிவிட்டது என்பது போதாது. கட்சிக்காரரின் வாதமே ஜூரி முன் வைக்கப்படாமல் போனது, அதனால் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். 'குறுக்கு விசாரணையில் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருக்கலாம்' என்பது இதில் அடங்காது. முந்தைய வழக்கறிஞர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு அனுப்பப்பட்டு அவர்கள் பதிலும் வாங்கப்படும். அவர்களுடன் பேசியதற்கான ரகசியக் காப்பும் அந்த அளவுக்கு விலகும். எனவே நீங்கள் கொடுத்த அறிவுறுத்தல்களுக்கு எழுத்துத் தடயம் இருக்கிறதா என்று கோப்பில் முதலில் பாருங்கள். பல நேரம் கோப்பில் இருப்பது நேர் எதிராக இருக்கும்: சாட்சிக் கூண்டில் ஏற வேண்டாம் என்று கட்சிக்காரரே கையெழுத்திட்டுக் கொடுத்த தாள்.

வெளிப்படுத்தாத ஆவணங்கள். அரசுத் தரப்பு தர வேண்டியதைத் தராமல் விட்டிருந்தால், 2010-இல் ஐக்கிய ராச்சிய உச்ச நீதிமன்றம் மெக்கின்னஸ் வழக்கில் சொன்ன அளவுகோல் வரும்: அது ஜூரி முன் இருந்திருந்தால் வேறு தீர்ப்பு வந்திருக்க உண்மையான சாத்தியம் உண்டா?

நியாயமான எந்த ஜூரியும் இந்தத் தீர்ப்பைத் தந்திருக்க முடியாது என்ற காரணமும் சட்டத்தில் இருக்கிறது. பார்ப்பதற்குக் கவர்ச்சி. ஜெயிப்பது அரிது. ஜூரி காரணம் எழுதுவதில்லை; சாட்சியத்தை ஏற்கவோ தள்ளவோ அவர்களுக்கு உள்ள சுதந்திரத்தில் நீதிமன்றம் எளிதில் நுழையாது. வேறு எதுவும் இல்லாதபோது கடைசியில் வையுங்கள்.

சாட்சியத்தை ஏற்றது தவறு என்று சொல்வதானால் உடனே எழும் கேள்வி: விசாரணையின்போது ஆட்சேபம் தெரிவித்தீர்களா? வழக்கறிஞர் இருந்தும் ஆட்சேபிக்காமல் விட்டதை இப்போது எழுப்புவது ஏறத்தாழ முடியாத காரியம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஜூரி உறுப்பினர் யாரையும் தேடிப்போய் 'உள்ளே என்ன பேசினீர்கள்' என்று கேட்கக் கூடாது. நண்பர், உறவினர் யாரும் கேட்கக் கூடாது. சமூக ஊடகத்திலும் தொடர்பு கொள்ளக் கூடாது. 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அது நீதிமன்ற அவமதிப்பு. ஜூரியில் ஏதோ முறைகேடு என்று காதில் விழுந்தால் சொலிசிட்டரிடம் மட்டும் சொல்லி, அவர் வழியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வடிகட்டல்

மனு போனதும் விசாரணை நீதிபதி ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார். உங்களுக்கும் பிரதி வரும். அதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் காரணங்களுக்கு நீதிபதி சொல்லும் பதில் அதில் இருக்கும், சில வேளை உங்களுக்குச் சாதகமான ஒப்புதலும்கூட. பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், யாரையும் நேரில் கேட்காமல், காகிதங்களை மட்டும் வைத்து வாதிடத்தக்க காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார். அதிலிருந்து 14 நாளுக்குள் இரண்டாம் வடிகட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட நீதிபதிகள் பார்ப்பார்கள், அதுவும் காகிதத்தில்தான். அங்கும் மறுத்தால் வழக்கமான பாதை முடிந்தது.

இந்த 14 நாளில் பழைய மனுவையே திருப்பி அனுப்புவது வீண். முதல் நீதிபதி எந்த இடத்தில் தடுக்கினாரோ அந்த இடத்துக்கு நேரடிப் பதில் தேவை. உயர் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரான அட்வகேட் ஒருவர் நன்றாக எழுதிய கருத்துரை இங்கே உண்மையில் உதவும். பிணையில் வெளியே இருப்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: முதல் மறுப்போடு பிடிவாரண்டும் பிறப்பிக்கப்படலாம், விண்ணப்பம் போடாமல் 14 நாள் போனால் அது செயலுக்கு வரும்.

அனுமதி சில காரணங்களுக்கு மட்டும் கிடைப்பது சாதாரணம். விடுபட்டவற்றையும் வாதிட வேண்டுமென்றால் அதற்கும் 14 நாளுக்குள் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

பிணையும் பணமும்

மேல்முறையீடு போட்டதாலேயே யாரும் வெளியே வந்துவிட முடியாது. 112-ஆம் பிரிவின் கீழ் இடைக்காலப் பிணை கேட்கலாம்; நீதிமன்றம் காரணங்களின் வலுவையும், தண்டனைக்காலத்தையும், தப்பியோடும் அபாயத்தையும் பார்க்கும். கனமான சதி வழக்கில் நீண்ட தண்டனை பெற்றவருக்குக் கிடைப்பது கடினம்.

விசாரணைக்காக ஸ்காட்லாந்து சட்ட உதவி வாரியம் தந்த உதவி மேல்முறையீட்டுக்குத் தானாகத் தொடராது. சொலிசிட்டர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே எந்தக் கட்டம் வரை எந்த உதவியில் வேலை நடக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்டனையையும் சேர்த்து எதிர்க்கலாமா என்று யோசிப்பவர்கள், தண்டனை மேல்முறையீட்டில் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் முடியும் என்பதைத் தெரிந்து முடிவெடுங்கள்.

விசாரணை நாளும் முடிவும்

அனுமதி கிடைத்தால், வாதத்தை முழுமையாக எழுதி நீதிமன்றம் குறிக்கும் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நேர்முக வாதம் குறுகியது. மூன்று நீதிபதிகளும் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். முடிவு அன்றே வரலாம், பல வாரம் கழித்து எழுத்திலும் வரலாம்.

குற்றத்தீர்ப்பை உறுதி செய்யலாம், ரத்து செய்யலாம், அதற்குப் பதில் குறைந்த குற்றத்துக்கான திருத்திய தீர்ப்பை வைக்கலாம், ரத்து செய்துவிட்டுப் புதிய வழக்குத் தொடர அரசுத் தரப்புக்கு அதிகாரம் தரலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அப்படி அதிகாரம் தந்தால் இரண்டு மாதத்துக்குள் புதிய வழக்கைத் தொடங்க வேண்டும்; பழையதைவிடக் கடுமையான குற்றத்தைச் சாட்ட முடியாது. தவறான அறிவுரை என்ற காரணத்தில் ஜெயிக்கும்போது இந்தக் கேள்வி வழக்கமாக எழும். சாட்சியமே போதவில்லை என்ற காரணத்தில் ஜெயித்தால் மறுவழக்குக்கு எதிராக வலுவாகப் பேசலாம். காரணங்களை வரிசைப்படுத்தும்போதே இதை மனதில் வையுங்கள். இன்னொன்று: ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றிய சட்டம் 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பை ஒழித்து, குற்றவாளி என்பதற்கு ஜூரியில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையைக் கேட்கிறது. புதிய விசாரணை நடந்தால் எந்த விதி பொருந்தும் என்பது அது நடக்கும் காலத்தைப் பொறுத்தது.

தோற்ற பிறகு

லண்டனில் உள்ள ஐக்கிய ராச்சிய உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுவான மேல்முறையீடு கிடையாது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தோடு பொருந்தாமை போன்ற இணக்கக் கேள்வி இருந்தால் மட்டும் போகலாம். அதற்கும் முதலில் உயர் நீதிமன்றத்திடமே 28 நாளுக்குள் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் அடுத்த 28 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்திடம்.

இன்னொரு பாதை கிளாஸ்கோவில் இயங்கும் ஸ்காட்லாந்து குற்றவியல் வழக்கு மறுஆய்வு ஆணையம். 1999 முதல் இயங்குகிறது. விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலக்கெடுவும் இல்லை. நீதி பிறழ்ந்திருக்கக்கூடும், மேலும் அனுப்புவது நீதியின் நலனுக்கு உகந்தது என்று இரண்டையும் கருதினால் ஆணையம் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். பிறகு அது சாதாரண மேல்முறையீடுபோல் நடக்கும். ஆணையம் அனுப்பியதாலேயே வெற்றி வந்துவிடாது. 1988-இல் பயணிகள் விமானம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட லாக்கர்பி வழக்கில் மெக்ராஹிமீது சாட்டியவற்றில் சதியும் இருந்தது, ஆனால் 2001 ஜனவரியில் தீர்ப்பு வந்தது கொலைக்கு மட்டும். முதல் மேல்முறையீடு 2002-இல் தோற்றது. ஆணையம் 2007-இல் அனுப்பியது. 2009-இல் அவர் அதைக் கைவிட்டார். அவர் இறந்த பின், 2020-இல் ஆணையம் மறுபடி அனுப்பியும் 2021 ஜனவரியில் நீதிமன்றம் நிராகரித்தது. ஆணையத்துக்கு எழுதும்போது பழைய வாதங்களை மீண்டும் அடுக்காதீர்கள். நீதிமன்றம் இதுவரை பார்க்காதது என்ன என்பதை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவருக்கு ஒரு தனிக் குறிப்பு. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் 2007-ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டப்படி நாடுகடத்தல் நடவடிக்கை தானாகவே தொடங்கும். உரிய காலத்தில் போட்ட மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அந்தத் தானியங்கிக் கடமை நிற்கும். காலம் தாழ்த்திப் போடக்கூடிய மேல்முறையீடு கணக்கில் வராது. எனவே அந்த இரண்டு வாரக் கெடு இவர்களுக்கு இருமடங்கு முக்கியம். குற்றவியல் சொலிசிட்டரும் குடிவரவு வழக்கறிஞரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டு அறிவிப்பின் முத்திரையிட்ட நகல் ஒன்று குடிவரவுக் கோப்புக்கும் போய்ச் சேர வேண்டும்.